ஸ்தோத்திர ஏலத்தில் நீ கேட்ட விலை

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உனக்கு எழுதும்போதெல்லாம் முதல் வரியில் ஆசீர்வாதம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்று பேனாவை மையில் தொட்டுத் தொட்டு வைத்தும் அந்த வரி வரவில்லை. மனத்தில் இல்லாததை எழுதினால் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் கல்யாணம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அதற்குக் கீழே, நம் சபைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை உன் செலவில் போட்டுத் தருவதாகவும் எழுதியிருக்கிறாய். உன் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று அதைச் சபையாருக்கு அறிவிக்க வேண்டுமாம். பள்ளிக்கூட வாசலில் உன் பேர் வெட்டிய கல் ஒன்றும் பதிக்க வேண்டுமாம். நான் வாசிக்க வாசிக்க உன் அம்மை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல் என்கிற இடம் வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். கோபம் என்றால் ஒரு வாய் கத்தித் தீர்த்துவிடலாம். இது கோபம் இல்லை, அருவருப்பு. அதனால்தான் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறானே என்று சலித்துக்கொள்ளாதே. உனக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பதுதான் இதில் உள்ள நாற்றம்.

தச்சநல்லூர்ப் பக்கம் பஞ்சாலைக் கம்பெனி ஆரம்பித்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். சுதேசி சுதேசி என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நாள். நம் ஊர்ப் பஞ்சை நாமே நூற்கலாம், பங்கு போடுங்கள் என்று கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் பாளையங்கோட்டைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். காசு கனத்தவர்கள் யோசித்தார்கள், இல்லாதவர்கள் கொடுத்தார்கள். நம் சபைப் பள்ளிக்கூடத்து வேதமாணிக்கம் வாத்தியார் சேரன்மகாதேவியில் ஆற்றுப் பாய்ச்சலில் ஒரு துண்டு வயல் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே பங்காக்கினார். லாபம் வந்ததும் இன்னும் பெரிய வயலாக வாங்கலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிற அன்னபாக்கியத்தின் புருஷன், உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு பங்கு வாங்கினார். நானும் என் கருப்பட்டி மண்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டேன். வருஷங்கள் போயின. லாபம் என்று ஒரு தம்பிடி வரவில்லை. மில் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் ஆயிற்று. நூறு ரூபாய்ப் பங்கு கடைத்தெருவில் நாற்பதுக்கு மேல் விலை போகாது என்ற நிலைமை. அப்படியிருக்கும்போதுதான் உனக்கு அந்தக் கம்பெனி செக்ரெட்டரியிடம் குமாஸ்தா வேலை கிடைத்தது. உன் இங்கிலீஷுக்காகத்தான் கிடைத்தது. அந்த இங்கிலீஷை வாத்தியார் தன் வீட்டில் உட்கார்த்தி, ஒரு காசு வாங்காமல் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இனி ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வருகிறேன். நம் சபையில் அன்றைக்கு நடக்கிற ஏலம் சந்தை ஏலம் மாதிரி இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் வயலில், வீட்டில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவோம். இரண்டணா பெறாத முருங்கைக்காய்க் கட்டு ஒரு ரூபாய்க்குப் போகும். கொண்டுவந்தவனே தன் சேவலைக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப எடுப்பான். பொருளுக்குக் கொடுக்கிற விலை இல்லை அது, ஆண்டவருக்குப் போடுகிற காணிக்கை. அதனால் அங்கே எவ்வளவு அதிகம் கேட்டாலும் ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. என் தொண்டை பெரிசு என்பதால் பல வருஷமாக ஏலம் கூறுகிறவன் நான்தான். மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு தரம், ரெண்டு தரம் என்று நான் கூவுகிறபோது கூட்டம் சிரிக்கும், ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும், விலை ஏறும். அந்த ஒரு நாள் எங்கள் வியாபாரிகளுக்கும் ஒரு கழுவாய் மாதிரி.

போன வருஷம் அரிசியும் வாழைத்தாரும் முடிந்த பிறகு மேசையில் ஒரு கடுதாசி கிடந்தது. அன்னபாக்கியம் கொண்டுவந்து வைத்த பங்குப் பத்திரம். தன்னிடம் கோழிகூட இல்லை, இதுவாவது சபைக்கு ஏதாவது கொடுக்கட்டும் என்று சொன்னாளாம். நான் அதைக் கையில் எடுத்து ஏலம் கூறியபோது முற்றத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது இருபது, முப்பது என்று கேட்டு அவள் மானத்தைக் காப்பாற்றட்டும் என்று கூட்டத்தைப் பார்த்தேன். நீ கையை உயர்த்தி நூறு ரூபாய் என்றாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பிள்ளை ஒரு விதவையின் காணிக்கையை முழு விலைக்கு எடுக்கிறான் என்று நெஞ்சு நிறைந்து, மூன்று தரம் என்பதை அன்றைக்கு நான் கூவின மாதிரி என்றைக்கும் கூவியதில்லை. அன்னபாக்கியம் ஓடி வந்து உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

கூட்டம் கலைந்து கோயில் வாசலுக்கு வந்ததும் உன்னைச் சுற்றி ஆட்கள் மொய்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல பிள்ளையிடம் கேட்டால் நம் பங்கையும் எடுத்துக்கொள்வான் என்று ஆளாளுக்கு ஆசை. நீ முதலில் மறுத்தாய். உன்னிடம் பணம் ஏது என்றாய். பிறகு, தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் நூறு என்பது கோயிலுக்குக் கொடுத்த விலை, வெளியே கடைத்தெரு விலைதான் தர முடியும் என்று பணிவாகச் சொன்னாய். எல்லோரும் நியாயம்தானே என்று தலையாட்டினார்கள். வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து உன் தோளைத் தொட்டு, “தம்பி, எம் பங்கையும் அவர்ட்ட கேட்டுப் பாரேன். வயசாயிட்டு, இனி இதக் கட்டிட்டு அழுது என்ன செய்ய?” என்று கேட்டார். கேட்கிறேன் சார் என்றாய். ஒரு வாரத்துக்குள் கோயில் தெருவில் பாதிப் பேருடைய பங்கு நாற்பதும் நாற்பத்திரண்டுமாக உன் கைக்கு வந்துவிட்டது. கடைத்தெரு விலைக்கு மேலே இரண்டு ரூபாய் போட்டுக் கொடுத்தான் என்று ஊர் உன்னைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

ஏலத்தன்று வண்டியில் வீடு திரும்பும்போது நானும் என் பங்கை விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தேன். நீ வெளியே பார்த்துக்கொண்டே, “ஐயா, நம்ம பங்க மட்டும் இப்பம் வித்திராதீங்க” என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளை ஏதோ சொல்கிறான் என்று இருந்துவிட்டேன். முப்பது வருஷம் வியாபாரம் செய்தவன், ஒரு வார்த்தை ஏன்லே என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்தது மறதியா, அல்லது கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்ததா என்று இப்போது தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நல்ல பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. தூத்துக்குடியில் பெரிய ஆலை வைத்திருக்கிற வெள்ளைக்காரக் கம்பெனி நம் பஞ்சாலையை வாங்கிக்கொள்கிறது, பங்குக்கு இருநூற்றைம்பது ரூபாய் கொடுக்கிறது என்று. விற்றவர்கள் வாயில் அடித்துக்கொள்வார்கள், உன் மேல் பாய்வார்கள் என்று நான் பயந்தேன். அப்படி நடந்திருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அதிர்ஷ்டக்காரப் பிள்ளை என்றார்கள். விதவையின் காணிக்கைக்கு முழு விலை கொடுத்தான், ஆண்டவர் அவனுக்கு மடியில் கொண்டுவந்து கொட்டினார் என்றார்கள். குருவானவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் உன் கதையைச் சொன்னார். அன்னபாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள். நானும் பதிலுக்குத் தலையசைத்தேன்.

அதற்கப்புறம் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விட்ட நீ லீவில் வந்தாய். அம்மைக்குத் தங்கச் சங்கிலி கொண்டுவந்தாய். மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்து, உனக்குப் பிடித்த சாளை மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் நீயாகவே சொன்னாய். பண்டிகைக்கு முந்தின மாதமே தூத்துக்குடிக் கம்பெனித் துரை வந்து செக்ரெட்டரியோடு பேசினான், துரை பேசியதைத் தமிழிலும் செக்ரெட்டரி பேசியதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொன்னது நான்தான், விலை முடிந்தபோது அந்த அறையில் மூன்றே பேர், மூன்றாவது ஆள் நான் என்று மார்தட்டினாய். அன்று சாயங்காலமே தூத்துக்குடிக்குப் போய் இப்போது உனக்கு மாமனாராகப் போகிறவரிடம் சொன்னாயாம். செய்தி உன்னுடையது, பணம் அவருடையது, லாபம் ஆளுக்குப் பாதி. அன்னபாக்கியத்தின் பத்திரம் மேசைக்கு வந்தது எதிர்பாராதது, ஆனால் அதைப் பார்த்த உடனே யோசனை தோன்றியது, முழு விலை கேட்டால் ஊரே தானாகத் தேடி வரும் என்று கணக்குப் போட்டேன் என்றாய். குழம்பு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று தட்டையும் நீட்டினாய்.

உன் அம்மை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். “அப்பம் அன்னைக்கு நீ கேட்டது காணிக்க இல்லையாலே?” என்று கேட்டாள். “காணிக்கையும்தான், வியாபாரத்துக்கு முதலும்தான்” என்று நீ சொன்னாய். அவள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே போனாள். சங்கிலி நீ வைத்துவிட்டுப் போன மாடத்திலேயே இன்றைக்கும் கிடக்கிறது. பெருக்குகிறபோதுகூட அவள் அந்தப் பக்கம் துடைப்பதில்லை. நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். ஏலம் கூறிய வாய் இது, உன் தூண்டிலுக்குப் புழுவாகப் பயன்பட்ட வாய் இது என்று தோன்றியபோது எழுந்து போய் வாயைக் கொப்பளித்தேன்.

நான் கத்தியதற்கு நீ அமைதியாகப் பதில் சொன்னாய். யாரையும் கூப்பிடவில்லை, அவர்களே வந்தார்கள். நான் வாங்காவிட்டால் வேறு யாரிடமாவது இன்னும் குறைவாக விற்றிருப்பார்கள். இதைத் தப்பு என்று சொல்லச் சட்டம் கிடையாது. நீங்கள் கருப்பட்டியில் செய்யாததையா நான் செய்துவிட்டேன்? இதுதான் உன் பேச்சு. கடைசிக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உடன்குடியில் மலிவாகக் கருப்பட்டி வாங்கி, விலை ஏறுகிறவரை மண்டியில் அடுக்கி வைத்து விற்றவன்தான் நான். மழை முந்தும் என்று கணக்குப் போட்டு லாபமும் பார்த்திருக்கிறேன், மழை விடாமல் பிடித்து, சரக்கு வேர்த்து ஒழுகி நஷ்டமும் பட்டிருக்கிறேன். ஆனால் நான் பார்த்த வானத்தை விற்றவனும் பார்த்தான். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோமே, பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது மறைவுதான். ஆனால் துண்டுக்குள் இருக்கிற இரண்டு கைக்கும் ஒன்றும் மறைவில்லை. நீ வாத்தியாரின் கையைப் பிடித்தபோது அவருக்கு மட்டும் துண்டு, உனக்குத் துண்டே இல்லை. உன் வியாபாரத்தில் நஷ்டம் வர வழியே கிடையாது. அதை வியாபாரம் என்று என் மண்டியில் நின்று சொல்லாதே, என் தொழிலுக்குக் கேவலம்.

இன்னொன்றும் சொன்னாய். செக்ரெட்டரி யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன்னிடம் உறுதி வாங்கியிருந்தார், அதனால் வாத்தியாரிடம் சொல்ல முடியவில்லை என்றாய். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உன் முகத்தையே பார்க்கப் பிடிக்காமல் போயிற்று. வாத்தியாருக்குச் சொல்லக் கூடாத ரகசியத்தைத் தூத்துக்குடிக்காரரிடம் சொல்ல மட்டும் வாய் எங்கிருந்து வந்தது? எனக்குச் சாடை காட்ட வண்டியில் எப்படி நாக்கு எழுந்தது? சொல்லக் கூடாது என்றால் வாங்கவும் கூடாது, அவ்வளவுதான் விஷயம். உனக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. கம்பெனி என்பது அந்தப் பங்குக்காரர்கள்தானே? அன்னபாக்கியமும் வாத்தியாரும் கொடுத்த பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர்களுக்காக அறைக்குள் உட்கார்ந்து கேட்டதை அவர்களுக்கு எதிராகவே திருப்பினாய். சட்டத்தில் இல்லை என்கிறாய். இல்லாவிட்டால் போகட்டும். சட்டம் எழுதுகிறவனுக்கு இப்படியும் ஒருத்தன் செய்வான் என்று தோன்றியிருக்காது.

என் பங்குக்கும் அந்த இருநூற்றைம்பது வந்தது. நீ சாடை காட்டியிராவிட்டால் நானும் நாற்பதுக்கு விற்றிருப்பேன். மிச்சம் என் பணம் இல்லை என்று முடிவு செய்து, போன வாரம் அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாமல், இந்த வயதில் முருகன்குறிச்சிக்கு நடந்து போய்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு அப்போதுதான் வந்து, காலை நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். சேரன்மகாதேவி வயலை வேறு ஒருவர் வாங்கிவிட்டாராம், அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பணத்தை வைத்தேன். எதற்கு என்றார். நீங்கள் விற்ற பங்கில் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது, என்னால் முடிந்த அளவு என்றேன். அவர் அதைத் தொடவே இல்லை. என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார். யாரோ நாலு பேர் உன்னைப் பற்றித் தப்பாகப் பேசியிருப்பார்கள், அது என் காதில் விழுந்து நான் மனம் நொந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். “அண்ணாச்சி, அவனுக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா இருந்திருப்பான்? நம்ம புள்ளையப் பத்தி நீங்களே இப்படி நெனைக்கலாமா?” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திருடன் மாதிரி திரும்பி வந்தேன். உன்னை எனக்கெதிராக அவர் தாங்கிப் பேசுகிறார், மகனே. ஊரில் உனக்காக வாதாட அவர் ஒருவர் போதும், அப்படி வாதாடுகிறார். அவரைத்தான் நீ நாற்பதுக்கு வாங்கினாய். அந்தப் பணத்தில் அவர் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டு, அவர் தினமும் நுழைந்த வாசலில் உன் பேரை வெட்டி வைக்கப் போகிறாய். அவர் அந்த வழியாகப் போகும்போது அதை வாசித்துச் சந்தோஷப்பட வேண்டுமாக்கும். இதற்கு நான் எழுந்து நின்று அறிவிப்புச் செய்ய வேண்டுமாக்கும். மாட்டேன். பள்ளிக்கூடம் ஒழுகுகிறபடி ஒழுகட்டும். இந்த வருஷம் ஏலம் கூறவும் மேசைப் பக்கம் போகமாட்டேன் என்று குருவானவரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், தொண்டை சரியில்லை என்றேன். அதுவும் உன்னால் நான் சொன்ன பொய்தான்.

கல்யாணத்தை நான் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது, அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஓலை வாசிக்கிறதற்கு முன்னால் நீ இங்கே வர வேண்டும். உன்னிடம் விற்றவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீயே போக வேண்டும். அன்று எனக்கு இது தெரியும், தெரிந்தே வாங்கினேன் என்று வாயால் சொல்லி, உன் பாதியில் அவரவருக்குச் சேர வேண்டியதைக் கொடு. அன்னபாக்கியத்தின் பத்திரத்துக்கு உரியதைக் கோயில் உண்டியலில் போடு, பேர் எழுதாமல் போடு. மாமனாருடைய பாதிக்கு அவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும். அப்படிச் செய்துவிட்டு வந்தால், கையில் காலணா இல்லாமல் கல்யாணம் நடந்தாலும் முன்வரிசையில் நானும் உன் அம்மையும் இருப்போம். செய்யாமல் வந்தால் அன்று நாங்கள் கோயிலில் இருக்கமாட்டோம். நான் இதை மிரட்டலாக எழுதவில்லை. உன் பக்கத்தில் நின்றால் எனக்குக் குமட்டும், அதை மறைத்துக்கொண்டு நிற்கத் தெரியாது.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். வாத்தியாருக்கு விஷயம் போவதற்கு முன்னால் ஓடி வந்து, அவர் மனம் கோணாதபடி இதை எப்படிச் சொல்லலாம் என்று யோசிப்பாய். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினாலும் அவர் நம்பிவிடுவார். அதற்கு உனக்கு இடமில்லை. இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. எழுதி முடித்ததும் விரித்தபடியே கொண்டுபோய் வேதமாணிக்கம் வாத்தியார் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, தன் கையாலேயே விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பார். உறைமேல் இருக்கிற அவர் கையெழுத்தைப் பார்த்தாலே அவர் படித்துவிட்டார் என்று உனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு செய்தியாவது முதலில் அவருக்குத் தெரியட்டும், பிறகு உனக்குத் தெரியட்டும்.

உன் ஐயா